கேட்கத் தெரிந்த நடிகர்: எம்.எஸ். பாஸ்கர்



அறக்கட்டளைச் சொற்பொழிவில் சினிமா நடிகரைப் பற்றிப் பேசலாமா என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகங்களை விடிய விடியப் பார்த்து வளர்ந்த தஞ்சை மாவட்டம் இது. அங்கே இரணியனோ பிரகலாதனோ எடுத்தவுடன் மேடைக்கு வருவதில்லை. முதலில் கோணங்கி என்னும் கோமாளி குல்லாயோடு ஆடிக்கொண்டு வருவார். சபை அடங்கும். அதன் பிறகுதான் கதை. கோணங்கிக்கு முதல் இடம் கொடுத்த ஊரில் இந்தத் தலைப்புக்காக நான் தயங்க வேண்டியதில்லை.

எம்.எஸ். பாஸ்கர் முத்துப்பேட்டையில் பிறந்தவர். இன்று அது திருவாரூர் மாவட்டம். அவர் பிறந்தபோது ஒன்றுபட்ட தஞ்சாவூர் ஜில்லாவின் கடைமடை. பிறகு குடும்பம் நாகப்பட்டினத்துக்குப் போனது. அங்கே தந்தைக்கு நிலம் இருந்தது. நாகையில்தான் தெரு நாடகங்களில் நடிக்கத் தொடங்கினார். அந்த ஊரில் பார்த்துப் பழகிய மனிதர்களையே பல பாத்திரங்களுக்கு எடுத்துக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். 1987-இல் 'திருமதி ஒரு வெகுமதி'யில் தலை காட்டினார். ஆனால் நெடுங்காலம் அவருக்குச் சோறு போட்டவற்றில் டப்பிங்கும் ஒன்று. 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' தொடரின் பட்டாபியாகத்தான் வீடுதோறும் அவர் முகம் தெரிந்தது.

டப்பிங் என்பதைச் சாதாரணமாகக் கடந்து போகிறோம். மைக்கின் முன்னால் நிற்பவர் திரையில் வேறொருவரின் உதட்டைப் பார்க்க வேண்டும். அவர் மூச்சு எங்கே இழுக்கிறார், எந்தச் சொல்லை விழுங்குகிறார் என்று கவனிக்க வேண்டும். தன் ஆசைக்கு ஒரு விநாடிகூட நீட்ட முடியாது. பாஸ்கர் நடிப்பைக் கற்ற பள்ளிகளில் இதுவும் ஒன்று என்றே நான் நினைக்கிறேன். அவர் பேசும் இடங்களைவிட, எதிரில் இருப்பவர் பேச அவர் கேட்டுக்கொண்டிருக்கும் இடங்களைப் பாருங்கள். சிரிப்பும் அங்கேதான் பிறக்கிறது, துக்கமும் அங்கேதான்.

2007-இல் வந்த ராதாமோகனின் 'மொழி'யை எடுத்துக்கொள்வோம். மகனை இழந்த பேராசிரியர். அவர் மனம் 1984-இலேயே நின்றுபோய்விட்டது. அந்த ஆண்டுச் செய்திகளை இன்றைக்கு நடந்தவைபோல அக்கறையோடு பேசுவார். முதலில் திரையரங்கு சிரித்தது. அவர் எங்கேயும் பைத்தியம்போல நடிக்கவில்லை. செய்தித்தாள் படித்துவிட்டுத் திண்ணையில் விவாதிக்கும் பெரியவர்போல நிதானமாகப் பேசினார். அதனால்தான் மகன் இறந்ததை ஏற்று அவர் கதறும்போது, சற்று முன் சிரித்த நமக்கே நெஞ்சை அடைத்தது. அதே குரல், அதே மனிதர். பின்னாளில் அவருக்குக் கிடைத்த தேசிய விருது அந்தப் படத்துக்கே வந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

2017-இல் ஸ்ரீ கணேஷ் இயக்கிய '8 தோட்டாக்கள்'. போலீஸ்காரரின் துப்பாக்கி தொலைந்துபோகும் அந்தக் கரு, 1949-இல் அகிரா குரோசாவா எடுத்த 'ஸ்ட்ரே டாக்' படத்தை நினைவூட்டும். இதில் துப்பாக்கி போய்ச் சேருவது வாழ்க்கை கைவிட்ட ஒரு முதியவரிடம்; அவர்தான் பாஸ்கர். இளம் காவல் அதிகாரியின் எதிரே உட்கார்ந்து அவர் தன் கதையைச் சொல்லும் நீண்ட காட்சியில் குரலை உயர்த்துவதே இல்லை.

'பார்க்கிங்' 2023 டிசம்பரில் வந்தது. ராம்குமார் பாலகிருஷ்ணனின் முதல் படம். இதில் பாஸ்கர் நேர்மையான அரசு அலுவலர், கீழ்த்தளத்தில் நெடுநாளாக வாடகைக்கு இருப்பவர். மாடிக்குக் குடிவந்த இளைஞர் கார் வாங்கி வாசலில் நிறுத்துகிறார். இவர் பைக்குக்கு இடம் குறைகிறது. வீம்புக்கு இவரும் கார் வாங்குகிறார். அரையடி வரப்புக்காக அண்ணன் தம்பி கோர்ட்டு வரைக்கும் போன கதை இந்தச் சபையில் எல்லோருக்கும் தெரியும். அந்த வரப்புச் சண்டைதான் சென்னையின் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது. சிக்கனமும் நேர்மையும் உள்ள ஒரு மனிதரிடம் குரோதம் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது என்பதைப் பாஸ்கர் காட்டியதுபோல் அண்மைத் தமிழ்ப் படங்களில் நான் பார்க்கவில்லை. 71-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த துணை நடிகர் விருது அவருக்கு வந்தது; மலையாளத்தின் விஜயராகவனோடு பகிர்ந்துகொண்டார்.

அறுபதைத் தாண்டிய பிறகு வந்த விருது. நாகேஷுக்கும் அப்படித்தான். 1964-இலேயே 'சர்வர் சுந்தர'த்தில் நம்மை அழவைத்தவருக்கு, 'நம்மவ'ரில் மகளை இழந்த தந்தையாக நடித்த பிறகுதான், 1994-ஆம் ஆண்டுக்கான அதே துணை நடிகர் விருது கிடைத்தது. தமிழ் சினிமா தன் நகைச்சுவை நடிகர்களிடம் முப்பது ஆண்டு சிரிப்பை வாங்கிக்கொண்டு, பிறகுதான் முழு மனிதனைக் கேட்கிறது. 2023-இல் மட்டும் அது கொஞ்சம் மாறியதுபோல் தெரிந்தது. 'விடுதலை'யில் சூரி, 'மாமன்ன'னில் வடிவேலு, 'பார்க்கிங்'கில் பாஸ்கர். மூவருக்கும் இயக்குநர்கள் கொடுத்தது புதிய திறமையை அல்ல, போதிய நேரத்தை.

இங்கே வந்திருக்கும் நாடகத் துறை மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'மொழி'யில் அந்தப் பேராசிரியர் வரும் காட்சிகளை முதலில் படத்தை மறைத்துவிட்டுக் குரலை மட்டும் கேளுங்கள். மறுமுறை ஒலியை நிறுத்திவிட்டு முகத்தை மட்டும் பாருங்கள். எங்கே மூச்சு விடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.