படகில் போய்ப் பார்க்கும் காடு



வழக்கும் தவணையுமாகக் கொழும்புப் புதுக்கடை நீதிமன்றங்களில் அலைகிறவர்களுக்கு இரண்டு நாள் ஓய்வு கிடைத்தால், யானை பார்க்க யாலவுக்குத்தான் பயணம் கட்டுவார்கள். அங்கே முன்னும் பின்னும் ஜீப் வண்டிகள், நடுவில் புழுதி. இன்று நான் சொல்லப்போவது படகில் போய்ப் பார்க்கிற ஒரு காட்டைப் பற்றி. அதுதான் கல்லோயா தேசியப் பூங்கா.

கொழும்பிலிருந்து இரவு பஸ் ஏறினால் விடியும்போது அம்பாறை. அங்கிருந்து சற்றுத் தூரத்தில் இங்கினியாகல. நாம் பட்டிப்பளை ஆறு என்கிற கல்லோயாவை, 1949இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் அங்கேதான் மறித்து அணை கட்டினார்கள். அப்படி உண்டானது சேனநாயக்க சமுத்திரம். பெயருக்கேற்ற அகலம். அன்று குன்றுகளாக நின்றவை இன்று நீர் நடுவே தீவுகள்.

குளம் வெட்டினால் மட்டும் போதுமா? சுற்றியுள்ள மலைச்சரிவில் மரம் அழிந்தால், ஒவ்வொரு மாரிக்கும் மண் கரைந்து வந்து குளத்தைத் தூர்த்துவிடும். அதற்காகவே 1954இல் நீரேந்து பகுதியில் ஏறத்தாழ 259 சதுர கிலோமீற்றரைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். ஆக, குளத்துக்குக் காடு காவல். அம்பாறை வயல்களுக்குக் குளம் காவல். கொழும்பில் நாம் உண்ணும் சோற்றிலும் அந்தக் காட்டுக்குப் பங்குண்டு.

காடென்றால் இருண்ட காடு அல்ல. பல இடங்களில் ஆளுயரப் புல்வெளி, இடையிடையே கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள். நாட்டு மருந்துக்கடையில் திரிபலாச் சூரணமாகப் பொட்டலம் கட்டித் தருகிறார்களே, அந்த மூன்றும்தான். இந்த வனத்தையே நம்பி வாழ்ந்தவர்கள் வேடர்கள். பக்கத்து ரத்துகலவில் அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பங்குனி முதல் ஆடி வரை போனால் நல்லது. வெயிலேற நீர் வற்றும். வற்றிய கரையில் பசும்புல் முளைக்கும். அதைத் தேடி யானைகள் வரும், தீவுக்குத் தீவு நீந்தியும் போகும். தும்பிக்கை நுனியும் தலையின் மேற்புறமும் மட்டும் வெளியே தெரிய, அந்தப் பெரிய உடல் நீருக்குள் நகர்வதைப் பார்க்கவேண்டும். அந்தத் தீவுகளில் ஒன்றான பறவைத் தீவில் நீர்க்காகங்களின் இரைச்சல் வேறு.

ஒன்றை மறக்கவேண்டாம். நீந்தும் யானையைக் கண்டால், எட்டத்திலேயே படகை நிறுத்தச் சொல்லுங்கள். படத்துக்காக வழியை மறித்தால், களைத்த விலங்கு இன்னும் சுற்றிப் போகவேண்டி வரும். அது கரையேறிய பிறகு உங்கள் படகு போகலாம்.