அம்மாவோட செருப்பும் என் மியூசிக் கம்ப்யூட்டரும்

இந்த எபிசோட் பாட்டு கேட்கிற ஒரு கம்ப்யூட்டரைப் பத்தியது. ஆனா எங்க வீட்டு கிரைண்டர்ல போய்தான் முடியும். கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

நான் இருக்கிறது மேற்கு தாம்பரம் பக்கம், முடிச்சூர்ல, வாடகை வீடு. போன தீபாவளி சமயத்துல பாட்டு கேட்கிறதுக்குன்னே ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணினேன். ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின பழைய போர்டு, சத்தமே வராத ஹீட்சிங்க், ஒரு எஸ்எஸ்டி, சாதாரண எஸ்எம்பிஎஸ். அதுலேர்ந்து யுஎஸ்பி வழியா டி.ஏ.சி., அங்கேர்ந்து ஆம்ப்ளிஃபயர், ரெண்டு ஸ்பீக்கர். பாட்டு எப்ப வேணாலும் கேட்கலாம்னு இருபத்திநாலு மணி நேரமும் ஆன்லயே வச்சிருப்பேன்.

பகல்ல எந்தப் பிரச்சனையும் தெரியலை. ராத்திரி பதினோரு மணிக்கு மேல, தெரு அடங்கினதும், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல ஸ்பீக்கர்லேர்ந்து 'ர்ர்ர்ர்'னு ஒரு இரைச்சல். ஒரு தடவை காதுல விழுந்துடுச்சுன்னா அப்புறம் பாட்டே கேட்காது, அது மட்டும்தான் கேட்கும்.

நான் முதல்ல சந்தேகப்பட்டது ரயிலை. சிரிக்காதீங்க! பீச்சுலேர்ந்து தாம்பரம் வரைக்கும் 1931-லயே மின்சார ரயில் வந்துடுச்சு. இப்போ அந்தக் கம்பியில ஓடுறது 25,000 வோல்ட். அதோட பாதிப்பா இருக்குமோன்னு நினைச்சேன். குரோம்பேட்டையில தண்டவாளத்தை ஒட்டின தெருவுல ஒரு ஃப்ரெண்ட் இருக்கான். அவன் வீட்டு ஸ்பீக்கர்ல ஒரு சத்தமும் இல்லை. ரயில் தப்பிச்சது.

அடுத்த சந்தேகம் எஸ்எம்பிஎஸ். இந்த ஹாபியில இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்ற பதில் ஒண்ணுதான்: "எஸ்எம்பிஎஸ் குப்பை ப்ரோ, லீனியர் பவர் சப்ளை போடு." அதுக்காக 15,000 ரூபாய் எடுத்தும் வச்சுட்டேன். வாங்குறதுக்கு முன்னாடி ஃப்ரெண்டோட எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தேன். அதே இரைச்சல். நல்லவேளை, பணம் போகலை.

அப்புறம்தான் ஒழுங்கா யோசிச்சேன். ஒரு நேரத்துல ஒரே ஒரு பொருளை மட்டும் மாத்தணும், மத்ததைத் தொடக்கூடாது. ஆம்ப்பை மட்டும் ஆன் பண்ணினேன், அமைதி. டி.ஏ.சி.யை லேப்டாப்ல மாட்டினேன், பேட்டரியில ஓடும்போது அமைதி. லேப்டாப்போட சார்ஜரைச் செருகினேன், லேசா இரைச்சல் வந்துடுச்சு. கழட்டினேன், போயிடுச்சு. திரும்ப என் கம்ப்யூட்டரை மாட்டினதும் முழு இரைச்சல். டிவிக்காக ஆம்ப்போட செட்-டாப் பாக்ஸும் சேர்ந்திருந்தது. அந்த கேபிள் ஒயரைக் கழட்டினதும் இரைச்சல் பாதியா குறைஞ்சது.

அதாவது சத்தம் காத்துல வரலை. கரென்ட் லைன்லேர்ந்து ஏதோ ஒண்ணு கம்ப்யூட்டர் பாடிக்கு வந்து, ஆடியோ ஒயர் வழியா வெளியே போக வழி தேடுது. அப்போ தற்செயலா என் முழங்கை கேபினெட்ல உரசிச்சு. எறும்பு ஊர்ற மாதிரி ஒரு 'ஜிவ்'.

"அம்மா, இதுல ஷாக் அடிக்குது"ன்னு கத்தினேன். சமையலறையிலேர்ந்து அம்மா ரொம்ப சாதாரணமா சொன்னாங்க: "கிரைண்டரும் அப்படித்தான்டா இருக்கு. நீ அந்தப் பொட்டியைக் கொண்டுவந்து வச்சதுலேர்ந்துதான். நான் செருப்புப் போட்டுக்கிட்டுத்தானே மாவு அரைக்கிறேன், நீ பார்த்ததே இல்லையா?"

பார்த்திருக்கேன். வீட்டுக்குள்ள எதுக்கு செருப்புன்னு ஒரு நாள்கூட கேட்டதில்லை.

மறுநாள் காலையில எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். பிளக் பாயின்ட்ல அவர் மீட்டரை வச்சார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 231 வோல்ட், அது சரி. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல ஒண்ணு ரெண்டு வோல்ட்தான் காட்டணும். காட்டினது 112. அப்புறம் ஒரு நூறு வாட் குண்டு பல்பை எடுத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல கொடுத்தார். எரியலை. "தம்பி, உங்க வீட்ல எர்த்தே இல்ல. மூணாவது ஓட்டை சும்மா அழகுக்கு இருக்கு"ன்னார்.

அந்த 112 எங்கேர்ந்து வந்ததுன்னு சொல்றேன், இதுதான் முக்கியம். எஸ்எம்பிஎஸ் உள்ளே ரெண்டு குட்டி கெப்பாசிட்டர் இருக்கும். ஒண்ணு ஃபேஸ்லேர்ந்து பாடிக்கு, இன்னொண்ணு நியூட்ரல்லேர்ந்து பாடிக்கு. வெளியே போற மின் இரைச்சலைக் குறைக்கிறதுக்காக வேணும்னே வச்சது. அது வழியா கொஞ்சம் கரென்ட் கசியும், எர்த் ஒயர் அதைப் பூமிக்குக் கொண்டுபோயிடும். எர்த் இல்லைன்னா? பாடி ரெண்டுக்கும் நடுவுல தொங்கும். 230-ல பாதி 115. கணக்கு சரியா வந்துடுச்சு பாருங்க. என் எஸ்எம்பிஎஸ் குப்பையும் இல்லை, பழுதும் இல்லை. அதோட வேலையைத்தான் செஞ்சிருக்கு.

இன்னொரு விஷயமும் இருக்கு. வீட்ல எல்லா எர்த் பாயின்ட்டும் ஒரே ஒயர்லதான் சேருது. அந்த ஒயர் பூமிக்குப் போகாததால, என் கம்ப்யூட்டர்லேர்ந்து கசிஞ்சது சுத்தி சமையலறைக்குப் போய் கிரைண்டரோட பாடியில நின்னிருக்கு. அம்மா சொன்னது வார்த்தைக்கு வார்த்தை உண்மை. எட்டு மாசம் நான் ஸ்பீக்கர் இரைச்சலைத் துரத்திக்கிட்டு இருந்தேன். அதே கரென்ட்தான் அவங்க ஈரக்கையில தட்டிக்கிட்டு இருந்திருக்கு.

இந்தக் கசிவு ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவுதான், ஆளைக் கொல்லாது. பயம் வேற இடத்துல. நாளைக்கு கிரைண்டர் மோட்டார்ல இன்சுலேஷன் போய் ஃபேஸ் பாடியைத் தொட்டுடுச்சுன்னா, எர்த் இருந்தா நிறைய கரென்ட் பாய்ஞ்சு ஃபியூஸ் போயிடும். எர்த் இல்லைன்னா ஃபியூஸ் அப்படியே இருக்கும். பாடியில முழு 230 வோல்ட் காத்துக்கிட்டு இருக்கும், யாராவது தொடுற வரைக்கும்.

எர்த் ஏன் போச்சு? நம்ம பக்கத்துக் கதைதான். 2015 டிசம்பர் வெள்ளத்துல முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி மூழ்கிச்சுன்னு உங்களுக்கே தெரியும். அப்புறம் ரோடு உயர உயர, ஹவுஸ் ஓனரும் வாசலை மண் கொட்டி உயர்த்திட்டார். காம்பவுண்டு ஓரத்துல இருந்த எர்த் குழி அதுக்குள்ள புதைஞ்சுபோச்சு. தோண்டிப் பார்த்தா கிளாம்ப் துருப்பிடிச்சு, ஒயர் தனியா கிடக்கு. ஓனர்கிட்ட பேசினோம். பாதி அவர், பாதி நாங்க. புதுசா ஜிஐ பைப் இறக்கி, சுத்தி கரியும் உப்பும் போட்டு, தண்ணி ஊத்தி மூடினாங்க. திரும்ப பல்பு வச்சார், பளிச்சுன்னு எரிஞ்சது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல 2 வோல்ட்கூட இல்லை.

அன்னைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு கேபிள் ஒயரையும் மாட்டிட்டு உட்கார்ந்து கேட்டேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல, தூரத்துல குரைக்கிற நாய் மட்டும்தான்.

எடுத்து வச்ச 15,000-ல என் பங்கு எர்த் செலவு போக, ஒரு ஆர்சிசிபி வாங்கி மாட்டினேன். 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே மெயினைத் துண்டிச்சுடும்.

உங்களுக்கு மூணு விஷயம் சொல்லிக்கிறேன். இரைச்சல் போகணும்னா பிளக்ல எர்த் பின்னை உடைச்சுடுன்னு யாராவது சொல்வாங்க. சில சமயம் இரைச்சல் நிஜமாவே போகும், ஆனா உங்க பாதுகாப்பும் கூடவே போயிடும். தயவுசெஞ்சு பண்ணாதீங்க. ரெண்டாவது, எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காதீங்க. அதுக்குள்ள இருக்கிற பெரிய கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கின பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல வச்சிருக்கலாம். பிளக் பாயின்ட்டையும் நீங்களே நோண்டாம எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. அவர் பல்பு வச்சுப் பார்க்க அஞ்சு நிமிஷம் ஆகும். மூணாவது, இன்னைக்கு ராத்திரியே வீட்ல சமைக்கிறவங்க, துவைக்கிறவங்ககிட்ட கேளுங்க: "எதைத் தொட்டாலாவது ஜிவ்வுங்குதா?" ரொம்ப நாளா தெரிஞ்சிருக்கும். யாரும் கேட்காததால சொல்லியிருக்க மாட்டாங்க.

இப்போ கிரைண்டர்ல ஷாக் சுத்தமா இல்லை. ஆனாலும் அம்மா செருப்பைக் கழட்டலை. "இருக்கட்டும்டா"ங்கிறாங்க. நானும் கழட்டச் சொல்லலை.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.