அடுப்பின் மூளையும் அதன் நோய்களும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் மின்சார ஓவனும், அதன் கட்டுப்பாட்டுப் பலகையில் உண்டாகும் கோளாறுகளும் ஆகும். "தோட்டத்து வீட்டிலே அந்த ஓவன் எங்கே இருக்கிறது, வாத்தியாரே?" என்று உங்களுள் சிலர் கேட்கலாம். விறகடுப்பும் மண்ணெண்ணெய் அடுப்பும் மட்டுமே நம் சமையற்கட்டில் இருந்த காலம் உண்டு. இன்றோ பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பெற்றோருக்கு ஓவன் வாங்கிக் கொடுக்கிறார்கள். தீபாவளிக்கு பிஸ்கட்டும் கேக்கும் செய்து விற்று, குடும்பச் செலவுக்கு நாலு காசு சேர்க்கும் தாய்மார்களும் இருக்கிறார்கள். ஆகவே இது நமக்கு வேண்டிய செய்திதான்.

முதலில், நம் கண்ணெதிரே நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். நாம் வேலை செய்யும் தோட்டத்தில் ஒரு குடும்பத்தார், பழைய ஓவன் ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. பிஸ்கட்டுக்கு நிறைய பேர் சொல்லிவைத்திருந்தார்கள். அடுப்பு எண்ணெய்ப் பிசுக்கேறிக் கிடக்கிறதே என்று, அந்த அம்மாள் இரவு சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்திவிட்டுப் படுத்தார். காலையில் பார்த்தால் அடுப்பில் உயிரே இல்லை. முகப்பில் எண்ணும் இல்லை, விளக்கும் இல்லை. பழுதுபார்க்க வந்தவர், "பலகை போய்விட்டது" என்றார். நம்மிடம் யோசனை கேட்டார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தாரா என்று ஒரு வார்த்தை நாம் கேட்கவில்லை. "அப்படித்தான் இருக்கும்" என்று தலையாட்டினோம். பால் வெட்டிச் சம்பாதித்த மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்துப் புதிய பலகை போட்டார்கள். அடுப்பு எரியவில்லை!

பிறகு, நம் பள்ளியில் படித்து, மின்சாரப் பயிற்சி முடித்து, பட்டணத்தில் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கும் பையன் ஒருவன் விடுமுறைக்கு வந்தான். பின்பக்கத் தகட்டைக் கழற்றி, ஒவ்வொன்றாகச் சோதித்தான். சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறிய பாதுகாப்புக் கருவி ஒன்று அறுந்திருந்தது. அதன் விலை பலகையின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதை மாற்றியபின் பழைய பலகையையே பொருத்திப் பார்த்தான். அடுப்பு வேலை செய்தது. புதிய பலகையைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பணத்தில் நம் தலையாட்டலுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இந்த உரை.

இந்த ஓவன் எப்படித் தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது? தண்ணீரும் சோப்பும் இல்லை; வெறும் சூடுதான். நாம் பிஸ்கட் சுடுவது சுமார் 180 டிகிரி செல்சியஸ் சூட்டில். சுத்தம் செய்யும்போது அடுப்பின் உள்ளே 450 முதல் 500 டிகிரி வரை சூடு ஏறுகிறது. ஒட்டியிருக்கும் எண்ணெயும் மாவும் எரிந்து சாம்பலாகின்றன. ஆறியபின் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். இத்தகைய ஓவனை 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்த வேலை இரண்டு முதல் நான்கு மணி நேரம் வரை பிடிக்கும். அதுவரை கதவு தானே பூட்டிக்கொள்ளும்.

இத்தனையையும் நடத்துவது கட்டுப்பாட்டுப் பலகை. அதை அடுப்பின் மூளை எனலாம். சூட்டை அறியும் உணரி அதற்குத் தோல் போன்றது. ரிலே என்னும் சிறு சுவிட்சுகள் அதன் கைகள். அவைதாம் சூட்டுக் கம்பிக்கு மின்சாரத்தை விடுவதும் நிறுத்துவதும். ஆனால் பல ஓவன்களில் இந்த மூளை, கொதிக்கும் வயிற்றுக்கு நேர் மேலே இருக்கிறது. இடையில் இருப்பவை வெப்பம் தடுக்கும் பஞ்சும், காற்றடிக்கும் விசிறியுமே. ஓவனைச் சுவரோடு ஒட்டி வைத்துக் காற்றுத் துவாரத்தை அடைத்துவிட்டால் சூடு எங்கே போகும்? பலகையை வாட்டும்; அல்லது பாதுகாப்புக் கருவியை அறுத்துவிடும். நாம் சொன்ன வீட்டில் நடந்ததும் அதுவே.

இனி, கோளாறு கண்டால் எந்த வரிசையில் பார்ப்பது?

முதலாவது, மின்சாரம் வருகிறதா? மெயின் பெட்டியில் ஓவனுக்குரிய சுவிட்ச் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் ஒரு முறை மட்டும் தூக்கிப் பாருங்கள். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள். எங்கோ மின்கசிவோ, கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டிருப்பதோ இருக்கும். சுவிட்ச் விழாமலிருந்தால், அதை அணைத்து ஐந்து நிமிடம் பொறுத்து மீண்டும் போடுங்கள். குழம்பிய பலகை சில வேளை இதனாலேயே தெளிந்துவிடும். மின்சாரம் நின்று வந்தபின், கடிகாரத்தைச் சரிசெய்தால்தான் சில ஓவன்கள் வேலை செய்யும். இதை அறியாமல் பழுதுபார்ப்பவரை அழைத்துக் கூலி கொடுத்தவர்களும் உண்டு.

இரண்டாவது, கதவு. பூட்டிய கதவு திறக்கவில்லையென்றால் நெம்பாதீர்கள். முழுவதும் ஆறட்டும். பூட்டை நகர்த்தும் சிறு மோட்டாரோ, அதன் சுவிட்சோ பழுதானால், பலகை நன்றாக இருந்தும் சூடேற்ற மறுக்கும்.

மூன்றாவது, முகப்பில் தோன்றும் குறி. பெரும்பாலும் ஓர் எழுத்தும் எண்ணும் வரும். அதை அப்படியே எழுதி வையுங்கள். ஒரே குறி ஒரு நிறுவனத்துக்கு உணரியையும், மற்றொன்றுக்குக் கதவையும் குறிக்கலாம். ஆகவே ஓவனுடன் வந்த கையேட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

இதற்கு மேல் உள்ளவை, பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியவை. ஆனாலும் அவர் என்ன செய்கிறார் என்று நமக்குத் தெரிந்திருந்தால் ஏமாற மாட்டோம்.

மெயினை அணைத்து, மின்சாரம் இல்லையென்று சோதித்தபின், அவர் மல்டிமீட்டரால் அளப்பார். பல ஓவன்களின் உணரியில் பிளாட்டினம் இருக்கிறது. அதன் மின்தடை, பனி உருகும் சூட்டில் 1000 ஓம். நம் ஊர் வெப்பத்தில் சுமார் 1100 ஓம். மீட்டர் எல்லையின்மையைக் காட்டினால் உணரி அறுந்திருக்கிறது. சூட்டுக் கம்பிக்கு, பள்ளியில் பிள்ளைகள் போடும் கணக்கே போதும். 2300 வாட் கம்பி, 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் எடுக்கும். 230-ஐ 10-ஆல் வகுத்தால் 23 ஓம். மீட்டர் ஏறக்குறைய அதைக் காட்ட வேண்டும். பாதுகாப்புக் கருவியின் இரு முனைக்கும் இடையே தடை ஏறக்குறைய சுழியமாக இருக்க வேண்டும்.

இவை யாவும் நலமாயிருந்தால்தான் பலகையைச் சந்தேகிக்க வேண்டும். அதில் கருகிய இடம், உப்பிய மின்தேக்கி, வெடித்த ஈயப்பற்று ஆகியவற்றைத் தேடுவார். ரிலே ஒட்டிப்போயிருந்தால், நாம் அணைத்தும் அடுப்பு சூடேறிக்கொண்டே இருக்கும். இது மிக ஆபத்து. உடனே மெயினை அணைத்துவிட வேண்டும்.

நேயர்களே, இரண்டு செயல்களை ஒருபோதும் செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள். அறுந்த பாதுகாப்புக் கருவிக்குப் பதில் வெறும் கம்பியைக் கட்டி ஓட்டுவது ஒன்று. "இன்றைக்கு மட்டும்" என்று கட்டுவார்கள். அன்றைக்கே வீடு பற்றிக்கொள்ளலாம். கை ஈரத்தோடு, மெயினை அணைக்காமல் தகட்டைக் கழற்றுவது மற்றொன்று. ஓவனுக்குத் தனிக் கம்பி இழுப்பதானால், உரிமம் பெற்ற வயர்மேனையே அழையுங்கள்.

வருமுன் காப்பது எப்படி? ஓவனின் பின்னும் மேலும் காற்றோட்டம் விடுங்கள். கெட்டியான பிசுக்கை முதலில் கையால் துடைத்தெடுங்கள். உள்ளே இருக்கும் தட்டுகளை வெளியே எடுத்துவிடுங்கள். சன்னலைத் திறந்துவையுங்கள். ஒட்டாத பூச்சுள்ள தட்டு அதிகச் சூட்டில் விடும் புகை, கூண்டுக் கிளியைக் கொன்றுவிடும். இரவில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். தீபாவளிக்கு முதல் வாரம் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். பண்டிகை முடிந்து ஆற அமரச் செய்யுங்கள்.

இனி யாரேனும் உங்களிடம் "பலகை போய்விட்டது" என்று சொன்னால், மரியாதையாக இரண்டு கேள்வி கேளுங்கள்: "உணரியையும் பாதுகாப்புக் கருவியையும் அளந்தீர்களா, ஐயா? மீட்டர் என்ன காட்டியது?" தொழில் தெரிந்தவர் இதற்குக் கோபப்பட மாட்டார். அன்று நாம் கேட்டிருந்தால், ஒரு குடும்பத்தின் அரை மாத உழைப்பு வீண்போயிருக்காது.

அந்தப் பையன் கூலி வாங்கிக்கொள்ளவில்லை. அந்த அம்மாள் கொடுத்த பிஸ்கட் டின்னை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான். உங்கள் பிள்ளைகளிலும் திருப்புளியும் கையுமாகத் திரிகிறவன் ஒருவன் இருக்கலாம். அவனைத் திட்டாதீர்கள், முறையாக அந்தத் தொழிலைப் படிக்க அனுப்பிவையுங்கள்.