வளையத்துக்குக் கண் கிடையாது

2016-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து உலகம் ஒரு மாணவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உள்ள யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர் அவர். பெயர் லோன்சோ பால். பத்தொன்பது வயது, ஆறரை அடி உயரம். யார் எந்த இடத்துக்கு ஓடப்போகிறார் என்பதை ஓடுகிறவருக்கு முன்பே தெரிந்துகொண்டு பந்தை அங்கே அனுப்பிவைக்கும் ஆட்டம் அவருடையது. அந்தப் பருவத்தில் யூசிஎல்ஏ 31 ஆட்டங்களில் வென்றது, ஐந்தில் மட்டுமே தோற்றது. ஆனால் பேச்சு அந்த வெற்றிகளைப் பற்றியதாக இல்லை. அவருடைய கையைப் பற்றியதாக இருந்தது.

லோன்சோ வலக்கைக்காரர். வலக்கைக்காரர்கள் பந்தை வலது கண்ணுக்கு நேராக உயர்த்தி, முழங்கையைப் பந்துக்கு அடியில் வைத்து எறிவார்கள். இவரோ பந்தை இடது இடுப்புப் பக்கம் கொண்டுபோய், உடம்புக்குக் குறுக்கே தூக்கி, முகத்தின் இடது ஓரத்திலிருந்து விடுவார். முழங்கை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். எந்தப் பள்ளிப் பயிற்சியாளரும் பார்த்தவுடன் விசில் ஊதி நிறுத்திவிடுவார். ஆனால் பந்து விழுந்துகொண்டே இருந்தது. கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளிப் பந்துகளில் நூற்றுக்கு 41 உள்ளே போயின. கல்லூரி ஆட்டத்தில் அது உயர்ந்த கணக்கு.

இந்தக் கை தொழில்முறை ஆட்டத்தில், அதாவது என்பிஏவில், செல்லுபடியாகுமா? கோணலாக எறியும் கல்லூரி வீரர் ஒவ்வொருவரைச் சுற்றியும் எழுகிற கேள்வி இது. விளையாட்டுப் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கும் இது உதவும் என்பதால் இன்று இதைப் பேச எடுத்துக்கொண்டேன்.

முதலில், பாடப்புத்தக முறை ஏன் வந்தது என்று பார்ப்போம். வளையத்தின் விட்டம் சுமார் 45 சென்டிமீட்டர். பந்தின் விட்டம் 24. பந்து செங்குத்தாக மேலிருந்து விழுந்தால் முழு 45-உம் திறந்திருக்கும். 45 பாகைச் சாய்வில் வந்தால் பந்துக்குத் தெரியும் வாய் சுமார் 32 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். 30 பாகையில் வந்தால் 23 சென்டிமீட்டர்தான், அதாவது பந்தைவிடச் சிறியது. அதனால்தான் பந்தை உயர்த்தி எறியச் சொல்கிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சில்வர்பெர்க், டிரான் என்ற இரு ஆய்வாளர்கள் லட்சக்கணக்கான எறிதல்களைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். தடுப்பவர் இல்லாமல் நின்று எறியும் ஃப்ரீ த்ரோவுக்கு ஏறக்குறைய 52 பாகை கோணமும், நொடிக்கு மூன்று சுற்றுப் பின்சுழற்சியும் நல்லவை என்று கண்டார்கள். முழங்கை பந்துக்கு அடியில் இருந்தால் பந்து இடமோ வலமோ விலகாது. மணிக்கட்டு முன்னால் மடங்கினால் பின்சுழற்சி தானாக வரும். பாடப்புத்தக முறை இவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்த விதிகளின் நோக்கமெல்லாம் பந்து கையை விட்ட பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியது. கை அதற்கு முன் எந்த வழியாக வந்தது என்று வளையம் பார்ப்பதில்லை. கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் பும்ராவின் வினோதமான ஓட்டமும் விறைத்த கையும் எதிரே நிற்கும் மட்டையாளரைக் குழப்பும். அங்கே கோணல் ஒரு ஆயுதம். கூடைப்பந்தில் வளையத்தைக் குழப்ப முடியாது, அதை மகிழ்விக்கவும் முடியாது. கோணமும் வேகமும் திசையும் சரியாக இருந்தால் பந்து விழும்.

வரலாறும் இதையே சொல்கிறது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஆடிய ரிக் பாரி, ஃப்ரீ த்ரோவை இரண்டு கைகளாலும் கால்களுக்கு நடுவிலிருந்து தாழ்வாக வீசுவார். பாட்டிமார் வீசுவது போல என்று கேலி செய்தார்கள். அவருடைய கணக்கு நூற்றுக்குத் தொண்ணூறை நெருங்கியது. ஒரே ஆட்டத்தில் நூறு புள்ளிகள் எடுத்த வில்ட் சேம்பர்லெயின், அந்த 1962 மார்ச் 2-ஆம் தேதி ஆட்டத்தில் 32 ஃப்ரீ த்ரோக்களில் 28-ஐப் போட்டார். அதுவும் இப்படிக் கீழிருந்து வீசித்தான். அந்தப் பருவத்தில் அவருடைய ஃப்ரீ த்ரோ கணக்கு 61 சதவீதம், அவர் வாழ்நாளிலேயே சிறந்தது அதுதான். பிறகு கூச்சப்பட்டு அந்த முறையைக் கைவிட்டார். கணக்கும் சரிந்தது. பார்ப்பதற்கு எப்படி இருக்கிறது என்ற வெட்கம் அந்த மாபெரும் வீரரிடமிருந்து எத்தனை புள்ளிகளைப் பறித்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அப்படியானால் கோணல் கையால் கெடுதலே இல்லையா? இருக்கிறது. வளையத்துக்குக் கண் இல்லை, ஆனால் தடுப்பவருக்குக் கண் உண்டு.

என்பிஏவில் தடுப்பவர்கள் உயரமானவர்கள், கைகள் நீண்டவை, கால்கள் வேகமானவை. ஒரு வீரர் எறிவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறார், எந்தப் பக்கம் போனால் அவரால் எறிய முடியாது என்பதை ஒளிப்பதிவுகளில் மீண்டும் மீண்டும் பார்த்துத் தெரிந்துகொண்டு வருவார்கள். லோன்சோவின் பந்து இடப்பக்கம் போயே ஆக வேண்டியிருந்தது. ஆகவே இடப்பக்கம் பின்னோக்கித் துள்ளி எறிவது அவருக்கு எளிதாக இருந்தது. வலப்பக்கம் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடி, சட்டென்று நின்று எறிவது மிகக் கடினமாக இருந்தது. பந்து வலக்கையில் இருக்கும். அதை உடம்பின் குறுக்கே மறுபக்கம் கொண்டுபோவதற்குள் தடுப்பவர் வந்துவிடுவார். இது அழகைப் பற்றிய குறை அல்ல, ஆடுகளத்தில் பாதி இடம் அடைபட்டுப்போகும் குறை.

தூரமும் இருக்கிறது. அந்தப் பருவத்தில் கல்லூரி மூன்று புள்ளிக் கோடு வளையத்திலிருந்து 6.32 மீட்டரில் இருந்தது. என்பிஏ கோடு, மூலைகளைத் தவிர்த்து, 7.24 மீட்டர். ஏறக்குறைய மூன்றடி அதிகம். எறிவதில் உள்ள சிறு பிசகு அந்த மூன்றடியில் பெரிதாகும்.

இந்தக் கண்கொண்டு மற்ற கோணல் கைகளைப் பாருங்கள். ஷான் மேரியன் மார்புக்கு முன்னாலிருந்து பந்தைச் சுண்டிவிடுவது போல எறிவார். பார்க்கச் சகிக்காது என்று எழுதினார்கள். ஆனால் அந்தச் சுண்டல் மின்னல் வேகம். தடுப்பவர் கையைத் தூக்குவதற்குள் பந்து போய்விடும். என்பிஏ அணிகள் புதிய வீரர்களை வரிசையாக எடுக்கும் ஆண்டுத் தேர்வில், 1999-இல் ஒன்பதாவதாகத் தேர்வான அவர் 17,000-க்கு மேல் புள்ளிகள் எடுத்தார், 2011-இல் டல்லாஸ் அணியோடு கோப்பையும் வென்றார். வெஸ்டர்ன் கரோலினா என்ற சிறிய பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கெவின் மார்ட்டினின் கையும் அப்படித்தான், உடம்புக்குக் குறுக்கே வளைந்து வரும். 2004-இல் 26-ஆவது இடத்தில்தான் எடுத்தார்கள். பின்னாளில் ஐந்து பருவங்களில் ஆட்டத்துக்குச் சராசரியாக இருபது புள்ளிகளுக்கு மேல் எடுத்தார்.

அண்மைக்கால உதாரணம் டைரீஸ் ஹாலிபர்ட்டன். அயோவா ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர். பந்தை முன்னாலிருந்து தள்ளுவது போல எறிகிற பையன் என்று தேர்வாளர்கள் தயங்கினார்கள். கல்லூரியில் இரண்டு பருவங்களிலும் மூன்று புள்ளிக் கணக்கு 40 சதவீதத்துக்கு மேல் இருந்தும் 2020-இல் பன்னிரண்டாவது இடம் வரை காத்திருந்தார். என்பிஏவின் முதல் பருவத்திலும் அதே கணக்குதான், ஏறக்குறைய 41 சதவீதம். 2025 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில், இந்தியானா அணிக்காக, ஆட்டம் முடிய 0.3 நொடி இருக்கையில் அவர் எறிந்த பந்துதான் வெற்றியைத் தந்தது. கையை யாரும் மாற்றவில்லை. மாற்றாமல் விட்டவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இவர்களுக்கும் லோன்சோவுக்கும் என்ன வித்தியாசம்? அதை ஃப்ரீ த்ரோ கோடு காட்டுகிறது. அங்கே தடுப்பவர் இல்லை, அவசரம் இல்லை. பலகையிலிருந்து 4.57 மீட்டர் தூரம், ஒரு வீரர், ஒரு வளையம். ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி செய்ய முடிகிறதா என்பதற்கு அதைவிடச் சுத்தமான சோதனை கிடையாது. ஹாலிபர்ட்டன் கல்லூரி இரண்டாம் ஆண்டில் நூற்றுக்கு 82 போட்டார். கெவின் மார்ட்டின் என்பிஏ வாழ்நாள் முழுவதும் 87. கோணலாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அதே கோணல். லோன்சோ யூசிஎல்ஏவில் போட்டது 67. மூன்று புள்ளிக் கணக்கு 41 என்று கொண்டாடியவர்கள் இந்த 67-ஐப் பார்த்திருக்க வேண்டும். அந்தக் கல்லூரிப் பருவத்தில் அவர் எறிந்த மூன்று புள்ளிப் பந்துகள் இருநூறுக்கும் குறைவுதான். அவ்வளவில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கும்.

லோன்சோ ஆடிய அதே கல்லூரிப் பருவத்தில் இன்னொரு மாணவர் இருந்தார், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்க்கெல் ஃபுல்ட்ஸ். அவர் கை அழகானது; யாரும் குறை சொல்லவில்லை. மூன்று புள்ளியில் அவருக்கும் 41 சதவீதம். 2017 தேர்வில் ஃபுல்ட்ஸ் முதல் இடம், லோன்சோ இரண்டாம் இடம். ஃபுல்ட்ஸின் ஃப்ரீ த்ரோ கணக்கோ நூற்றுக்கு 65. லோன்சோவைவிடவும் குறைவு. தொழில்முறை ஆட்டத்துக்குப் போன சில மாதங்களில் அவர் எறியும் முறை கண்முன்னே சிதைந்தது. தோள்பட்டை நரம்புகள் நசுங்கும் ஒரு நோய் என்று 2018 டிசம்பரில் கண்டுபிடித்தார்கள். ஆகவே முழுப் பழியையும் கணக்கின் மேல் போட முடியாது. ஆனாலும் அழகான கையைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவில்லை என்பது உண்மை. கோணல் கையை ஆயிரம் பேர் ஆராய்ந்தார்கள். நேர் கையை நம்பிவிட்டார்கள்.

ஃப்ரீ த்ரோ மட்டுமே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். கென்டக்கியில் ஆடி 2012-இல் இரண்டாவதாகத் தேர்வான மைக்கேல் கிட்-கில்கிரிஸ்ட், கல்லூரியில் நான்கு ஃப்ரீ த்ரோவுக்கு ஏறக்குறைய மூன்று போட்டவர். ஆனால் துள்ளி எறியும்போது கை நடுவழியில் ஒரு கணம் தடைபட்டு நிற்கும். கல்லூரியில் மூன்று புள்ளிக் கணக்கு வெறும் 25 சதவீதம். புகழ்பெற்ற எறிவீரர் மார்க் பிரைஸ் அவருக்குப் பயிற்சி கொடுத்தும் முழுதாகச் சரியாகவில்லை. அந்தக் கை அவருடைய தொழில்வாழ்வை உண்மையிலேயே குறுக்கியது.

லோன்சோவுக்கு வருவோம். என்பிஏவின் லேக்கர்ஸ் அணியில் முதல் ஆண்டு மூன்று புள்ளிக் கணக்கு 30 சதவீதத்துக்கு இறங்கியது. ஃப்ரீ த்ரோ 45. அடுத்த ஆண்டு ஃப்ரீ த்ரோ 42. பயந்தது நடந்தது. 2019-இல் நியூ ஆர்லியன்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அங்கே உதவிப் பயிற்சியாளர் ஃபிரெட் வின்சனோடு உட்கார்ந்து, பந்து எழும் இடத்தை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினார். இருபத்தொரு வயதில், கோடிக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்க, சிறுவயதிலிருந்து பழகிய அசைவை உடைத்துப் புதிதாகக் கட்டினார். அந்தத் துணிவுக்கு நான் தலைவணங்குகிறேன். பலனும் கிடைத்தது. மூன்று புள்ளிக் கணக்கு 37-க்கு மேல் ஏறியது. ஃப்ரீ த்ரோ 57 ஆகி, பிறகு 78 ஆனது. சிகாகோ அணிக்குப் போன 2021–22 பருவத்தில் மூன்று புள்ளியில் 42 சதவீதம். அப்போதுதான் இடது முழங்கால் போனது. அடுத்த இரண்டு பருவங்கள் முழுவதும் ஆடவே முடியவில்லை.

என்பிஏவின் புகழ்பெற்ற எறிவீரர் ஸ்டீஃபன் கரியும் கையை மாற்றியவர்தான். உயர்நிலைப் பள்ளியில் இடுப்பருகிலிருந்து பந்தை எறிந்துகொண்டிருந்தவரை, தந்தை டெல் கரி ஒரு கோடை விடுமுறையில் தலைக்கு மேல் உயர்த்தி எறியப் பழக்கினார். காரணம் அழகு அல்ல. பையன் குள்ளம், பந்தைத் தட்டிவிடுவார்கள் என்பது காரணம். மாற்றிய வயது சரி, காரணமும் சரி.

ஆகவே என் தீர்ப்பு இது: லோன்சோவின் கை அவரைக் கட்டிப்போட்டது உண்மை, ஆனால் அது மீளக்கூடிய கட்டு, அதிலிருந்து அவர் மீண்டு காட்டினார். அவருடைய வளர்ச்சியைக் குறுக்கியது முழங்கால்.

பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை கோணலாக எறிந்தால் உடனே கையைப் பிடித்துத் திருத்தாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நூறு ஃப்ரீ த்ரோக்களை எழுதிவையுங்கள். அடுத்த வாரம் இன்னொரு நூறு. எதிரே ஒருவரை நிறுத்தி, இருபக்கமும் ஓடிவந்து எறியச் சொல்லி அதையும் எழுதுங்கள். அதன் பிறகு முடிவெடுங்கள்.