கல்மனிதன் யார்?

(நம் சங்கத்தின் கொல்லிமலைச் சுற்றுலாவில், செம்மேட்டில் இரவு உணவுக்குப் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்த களைப்பிலும் கேட்க உட்கார்ந்திருக்கிறீர்கள். சுருக்கமாகவே பேசுகிறேன்.

இந்த மலையின் கதை கொல்லிப்பாவை. தீங்கு செய்ய வருபவர்களைச் சிரித்தே மயக்கிக் கொல்லும் பாவை என்பார்கள். அந்தக் கதையில் கொன்றது யார் என்ற சந்தேகமே இல்லை. நான் சொல்லப்போவது, கொன்றது யாரென்றே தெரியாமல் போன வழக்குகளைப் பற்றி.

1888 ஆகஸ்ட் 31 முதல் நவம்பர் 9 வரை கிழக்கு லண்டனில் ஐந்து பெண்கள் கொல்லப்பட்டார்கள். 'ஜாக் தி ரிப்பர்' என்ற பெயர், ஒரு செய்தி நிறுவனத்துக்கு வந்த கடிதத்தில் இருந்த கையெழுத்து. அது பத்திரிகைக்காரர் யாரோ செய்த வேலை என்று போலீஸ் அதிகாரிகளே பின்னாளில் சொன்னார்கள். கொலை நடந்த ஓர் இரவில், சுவரில் சாக்பீஸால் எழுதப்பட்ட ஒரு வாசகம் கிடைத்தது. யூதர்கள்மேல் கலவரம் கிளம்பும் என்று பயந்து, போட்டோ எடுக்கும் முன்பே ஆணையர் சார்லஸ் வாரன் அதை அழிக்கச் சொன்னார். எழுதியது கொலைகாரன்தானா? வாதம் இன்றும் ஓயவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1985 முதல் பம்பாயில் சயான், கிங்ஸ் சர்க்கிள் பகுதிகளில் நடைபாதையில் தனியாகத் தூங்கியவர்கள், தலையில் கல்லைப் போட்டுக் கொல்லப்பட்டார்கள். 1989-இல் கல்கத்தாவிலும் அதே போல நடந்தது. ஆறு மாதத்தில் 13 பேர். பத்திரிகைகள் 'ஸ்டோன்மேன்' என்று பெயர் வைத்தன.

இரண்டு ஊரிலும் ஒரே ஆளா? கொன்ற விதம் ஒன்றுதான் என்கிறார்கள் ஒரு சாரார். கல் எந்தத் தெருவிலும் கிடைக்கும், செய்தி படித்த இன்னொருவன் செய்திருக்கலாம் என்கிறார்கள் மறு சாரார். அவ்வளவு பெரிய கல்லைத் தூக்க உயரமான, பலசாலியான ஆள் வேண்டும் என்பது ஒரு ஊகம். பம்பாயில் தப்பிப் பிழைத்த ஒருவர் உண்டு. இருட்டில் அவரால் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கல்கத்தாவில் போலீஸ் பலரைப் பிடித்து விசாரித்து, ஆதாரம் இல்லாமல் விட்டுவிட்டது. பிறகு கொலைகள் நின்றன. பிடிபட்டவர்களில் அவன் இருந்தானா, கெடுபிடியைப் பார்த்து அடங்கிவிட்டானா? இரண்டுக்கும் ஒரே ஆதாரம்தான் இருக்கிறது.

என்னைக் கேட்டால், துப்பு கிடைக்காததற்குக் காரணம் கொலைகாரனின் சாமர்த்தியம் அல்ல. பம்பாயில் ஆறாவது கொலைக்குப் பிறகுதான் இது ஒரு தொடர் என்றே போலீசுக்குப் புரிந்தது. எந்தக் கொலை விசாரணையிலும் முதல் கேள்விகள் என்ன? செத்தவர் யார், யாரோடு பகை, கடைசியாகப் பார்த்தது யார்? இங்கே பதில் சொல்ல ஆளில்லை. பலருக்குப் பெயர்கூடத் தெரியவில்லை. லண்டனில் கொலையுண்ட ஐந்து பெண்களும் ஏழைகள்தான். ஆனாலும் அவர்கள் பெயர்கள் பதிவாகின. அதனால்தான் 2019-இல் ஹாலி ரூபன்ஹோல்ட் அவர்கள் வாழ்க்கையை ஒரு புத்தகமாக எழுத முடிந்தது. கல்கத்தாவின் 13 பேருக்கு அப்படி எழுத முடியுமா?

இப்போது நம் வாசலைப் பாருங்கள். நம் கேட்டுக்குள் வரும் வண்டி எண்களையெல்லாம் நோட்டில் குறித்து வைக்கிறோம். இரவுக் காவலர், தள்ளுவண்டியில் இஸ்திரி போடுபவர், பக்கத்துக் கடை வாசலில் படுத்துக்கொள்ளும் பெரியவர் – இவர்களுக்கு எந்த ஊர், ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்த பொதுக்குழுவில் ஒரு கோரிக்கை வைக்கப் போகிறேன். அவர்கள் சம்மதத்தோடு பெயர், ஊர், உறவினர் ஒருவரின் தொலைபேசி எண் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிச் சங்க அலுவலகத்தில் வைப்போம். காவல் பார்ப்பதற்காக அல்ல; ஒருநாள் அவர்களைக் காணோம் என்றால் தேடுவதற்காக.

கல்மனிதன் யார் என்று இனி தெரிய வாய்ப்பு குறைவு. நம் வாசலில் தூங்குபவர் யார் என்று நாளைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.