‘ஹேட்’ வேண்டிய இடமும் வேண்டாத இடமும்

கண்டியிலிருந்து குருணாகல் போகும் வீதியில், கட்டுகஸ்தோட்டையைத் தாண்டிச் சென்றால் வருகிற ஊர் கலகெதர. ஒரே கடைத்தெருவில் சிங்களமும் தமிழும் கலந்து ஒலிக்கும் ஊர். ஜப்பார் மத்திய கல்லூரி போன்ற தமிழ்மொழிமூலப் பாடசாலைகளும் சிங்களப் பாடசாலைகளும் அங்கே அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. வீட்டு மொழி எதுவானாலும், இத்தகைய ஊர்களின் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எளிதாகத் தடுக்கி விழக்கூடிய இடம் ஒன்று உண்டு. ‘அவன் களைத்திருந்தான்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், ‘ஹீ ஹேட் டயர்ட்’ என்று எழுதத் தோன்றும். இலக்கணம் கொஞ்சம் படித்த பிள்ளைக்கு ‘ஹீ ஹேட் பீன் டயர்ட்’ என்று எழுதத் தோன்றும். அங்கே வேண்டியது ‘ஹீ வொஸ் டயர்ட்’. சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு, கவனக்குறைவு என்று இதை ஒதுக்கிவிடுவது அநியாயம். இந்தப் பிழை தாய்மொழியின் ஒழுங்கிலிருந்து பிறக்கிறது. அந்த ஒழுங்கை எடுத்துக் காட்டினால்தான் பிழை திருந்தும்.

கலகெதர வழியாகவே நடந்த ஒரு சம்பவத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1803 பெப்ரவரியில் ஜெனரல் மக்டோவல் தலைமையில் கொழும்பிலிருந்து வந்த பிரித்தானியப் படை, கலகெதர, கிரியாகம காவலரண்களைக் கடந்து கண்டிக்குள் நுழைந்தது. அப்போது மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நகரைவிட்டுப் போயிருந்தான். நகரம் வெறிச்சோடியிருந்தது. அரண்மனைக்குத் தீ வைக்கப்பட்டிருந்தது. இந்த மூன்று தமிழ் வாக்கியங்களின் முடிவையும் ஒருமுறை காதுகொடுத்துக் கேளுங்கள்: போயிருந்தான், வெறிச்சோடியிருந்தது, வைக்கப்பட்டிருந்தது. மூன்றிலும் அதே ‘இரு’ வருகிறது. ஆங்கிலமோ மூன்றையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. மன்னன் போனது ஒரு செயல்; படை நுழையுமுன்பே முடிந்துவிட்ட செயல். ஆகவே ‘த கிங் ஹேட் லெஃப்ட்’. தீ வைத்ததும் அப்படியே. ‘த பெலஸ் ஹேட் பீன் செட் ஒன் ஃபயர்’. ஆனால் நகரம் வெறுமையாகக் கிடந்தது ஒரு நிலை. படை நுழைந்த அந்த நேரத்திலேயே கண்ணெதிரே இருந்த நிலை. அதற்கு ‘த சிட்டி வொஸ் எம்ப்டி’ என்பதே சரி. அங்கே ‘த சிட்டி ஹேட் பீன் எம்ப்டி’ என்று மட்டும் எழுதி நிறுத்தினால், முன்பு எப்போதோ வெறுமையாக இருந்தது, படை வந்தபோது நிலைமை மாறியிருக்கலாம் என்று வாசிப்பவர் எண்ண இடமுண்டு. ஒரே ஒரு துணைவினையால் வரலாறே புரண்டுபோகிறது.

ஏன் இப்படி? களைப்பு, பசி, சோர்வு, ஈரம், உலர்வு போன்ற பல நிலைகளை ஆங்கிலம் பெயரடையால் சொல்கிறது. நாம் அவற்றைப் பெரும்பாலும் வினையாலேயே சொல்கிறோம். களைத்தான், சோர்ந்தான், நனைந்தது, காய்ந்தது. அந்த வினை முடிந்து, அதன் விளைவு நிலைத்து நிற்பதைக் காட்ட ‘இரு’ என்ற துணைவினையைச் சேர்க்கிறோம். சட்டை நனைந்திருந்தது, நெல் காய்ந்திருந்தது, கதவு திறந்திருந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த எம். ஏ. நுஃமானின் ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ (1999) போன்ற நூல்கள் இக்காலத் தமிழின் துணைவினைகளை எடுத்து விளக்குகின்றன. அந்தப் பகுதியை ஆங்கில ஆசிரியர்களும் வாசிக்க வேண்டும். வந்திருந்தான் என்பதில் முடிந்துபோன செயலைக் காட்டும் அதே ‘இரு’தான், நனைந்திருந்தது என்பதில் அந்த நேரத்து நிலையைக் காட்டுகிறது. வந்திருந்தானுக்கு ‘ஹேட் கம்’ என்று கற்ற பிள்ளை, நனைந்திருந்ததுக்கும் ‘ஹேட்’ போடுவது தர்க்கத்தோடு செய்கிற பிழை. சிங்களமும் இதே பாதையில்தான் போகிறது. வீதி மூடப்பட்டிருந்ததைச் சிங்களத்தில் ‘பார வஹலா திபுணா’ என்கிறார்கள்; களைத்திருந்ததை ‘மஹன்சி வெலா ஹிட்டியா’ என்கிறார்கள். முடிந்த வினையும் அதன்மேல் ஒரு ‘இருந்தது’வும் என்ற அதே கட்டுமானம். ஆகவே கலகெதரவில் பிள்ளை வீட்டில் எந்த மொழி பேசினாலும், இரண்டு மொழிகளும் அவனை ஒரே திசையில்தான் தள்ளுகின்றன.

பலர் கவனிக்காத மறுபக்கமும் ஒன்று உண்டு. ‘வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தபோது பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் இருந்தது.’ இங்கே தமிழில் வெறும் ‘இருந்தது’தான். ஆனால் ஆங்கிலத்துக்கு ‘ஹேட் பீன்’ கட்டாயம் வேண்டும்: ‘த சைல்ட் ஹேட் பீன் இல் ஃபோர் த்ரீ டேய்ஸ்’. கடந்த காலத்தின் ஒரு புள்ளிக்கு முன்பே தொடங்கி அந்தப் புள்ளிவரை நீண்ட நிலை இது. அந்த நீளத்தைத் தமிழ் ‘மூன்று நாளாக’ என்பதிலேயே சொல்லிவிடுகிறது. ஆங்கிலம் வினையிலும் அதைக் காட்டச் சொல்கிறது. தமிழில் நிலையைக் காட்ட ‘இரு’ கூடுகிற இடத்தில் ஆங்கிலத்தில் ‘வொஸ்’. தமிழில் சாதாரண ‘இருந்தது’ வருகிற இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஹேட் பீன்’. இப்படிக் குறுக்கும் நெடுக்குமாக மாறிப்போவதால்தான் சூத்திரத்தை மனப்பாடம் செய்த பிள்ளைகூடத் தடுமாறுகிறான். ‘ஹேட்’டும் அதன்பின் வினையின் மூன்றாம் வடிவமும் என்ற சூத்திரம் வினைக்குப் பொருந்தும். பெயரடை வந்தால் எப்போது ‘பீன்’ சேர்ப்பது, எப்போது ‘ஹேட்’டையே விட்டுவிடுவது என்பதைச் சூத்திரம் சொல்லித் தராது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, கேட்பவருக்குச் சூழலிலிருந்து விளங்கிவிடாதா என்று சிலர் கேட்கலாம். பேச்சில் விளங்கும். கடிதத்திலும் அறிக்கையிலும் கேட்பவர் எதிரே இல்லை. கலகெதரவிலிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்கு ஒரு நோயாளி அனுப்பப்படுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘வொஸ் அன்கொன்ஷஸ்’ என்று எழுதியிருந்தால், கொண்டுவந்தபோது நினைவில்லாமல் இருந்தார் என்று பொருள். ‘ஹேட் பீன் அன்கொன்ஷஸ்’ என்று எழுதியிருந்தால், முன்பு நினைவிழந்து, கொண்டுவரும்போது தெளிந்திருந்தார் என்றும் வைத்தியர் கொள்ளலாம். திருட்டு நடந்த வீட்டைப் பற்றிய அறிக்கையில் ‘த டோர் வொஸ் ஓபன்’ என்பது கதவின் நிலை. ‘த டோர் ஹேட் பீன் ஓபண்ட்’ என்பது ஒருவர் செய்த வேலை. தமிழில் திறந்திருந்தது என்றும் திறக்கப்பட்டிருந்தது என்றும் இரண்டையும் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறவர்கள் நாம். ஆங்கிலத்தில் அந்தத் தெளிவை இழந்துவிடக் கூடாது. காப்புறுதிக் கோரிக்கையில் பிரேக் ‘வொஸ் வீக்’ என்பதற்கும் ‘ஹேட் பீன் வீக்’ என்பதற்கும் இடையில் பணமே கைமாறலாம். முன்பே பழுதென்று தெரிந்தும் வாகனத்தை ஓட்டினாரா என்ற கேள்வியை இரண்டாவது வாக்கியம்தான் கிளப்பிவிடும்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. இலங்கை ஆங்கிலத்துக்குத் தனி ஒழுங்கு உண்டு, அதை லண்டன் அளவுகோலால் அளப்பது அடிமைப் புத்தி என்பார்கள். மொழியியலாளர் திரு கந்தையா பல ஆண்டுகளுக்கு முன்பே, நம் ஆங்கிலம் தனக்கென விதிகள் கொண்ட மொழிவகை, பிழைகளின் மூட்டை அல்ல என்று வாதிட்டார். மைக்கேல் மெய்லர் 2007இல் இலங்கை ஆங்கிலத்துக்கு ஓர் அகராதியே தொகுத்து வெளியிட்டார். அந்தக் கருத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன். தென்னாசிய ஆங்கிலத்தில் ‘ஹேட்’ சேரும் இந்த வடிவம், அதாவது பாஸ்ட் பேர்ஃபெக்ட், சற்றுத் தாராளமாகப் புழங்குவதையும் ஆய்வாளர்கள் குறித்திருக்கிறார்கள். ‘நேற்றுப் போனேன்’ என்பதற்கு ‘ஐ ஹேட் கோன் யெஸ்டர்டே’ என்று ஒருவர் சொன்னால் குடி முழுகிவிடாது. ஆனால் மொழிவகை என்பது பேசுபவருக்கும் கேட்பவருக்கும் பொதுவான ஒழுங்கு. ‘ஹேட் பீன் எம்ப்டி’ என்று எழுதுகிறவர் ஒன்றை நினைக்க, அதே நாட்டில் வாசிக்கிறவர் வேறொன்றை விளங்கிக்கொண்டால், அதைத் தனி ஒழுங்கு என்று எப்படிச் சொல்வது? அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தம் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழி என்றது. கலகெதரத் தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் நாளை ஒருவருக்கொருவர் எழுதப்போவது அந்த மொழியில்தான்.

ஆங்கிலேயர்களே பாஸ்ட் பேர்ஃபெக்டைப் பல இடங்களில் விட்டுவிடுகிறார்களே என்பது மூன்றாவது கேள்வி. உண்மை. ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’ போன்ற சொற்கள் முன்பின்னைத் தெளிவாக்கினால் சாதாரண இறந்தகாலமே அவர்களுக்குப் போதும். இது என் வாதத்துக்குத்தான் துணை நிற்கிறது. பெயரடை வரும்போது ‘வொஸ்’ என்பதே முதல் தெரிவாக இருக்கட்டும். அந்த நிலை, கதையில் சொல்லப்படும் நேரத்துக்கு முன்பே முடிந்துபோயிருந்தாலோ, முன்பே தொடங்கி அதுவரை நீண்டிருந்தாலோ மட்டும் ‘ஹேட் பீன்’ வரட்டும்.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சாதாரண தரப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தும்போது, பாஸ்ட் பேர்ஃபெக்ட் பாடத்தைச் சூத்திரத்தோடு தொடங்காதீர்கள். வந்திருந்தான், நனைந்திருந்தது, மூன்று நாளாகக் காய்ச்சல் இருந்தது என்ற மூன்று வாக்கியங்களைத் தமிழிலேயே கரும்பலகையில் எழுதுங்கள். எது செயல், எது அந்த நேரத்து நிலை, எது நீண்ட நிலை என்று முதலில் பிள்ளைகளிடமே கேளுங்கள். பதில் அவர்களிடமிருந்து வந்த பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள்.