கையேந்தி நிற்பவருக்கு மறுமொழி



புனே நகரின் வடகிழக்கில் லோஹேகாவ் என்னும் ஊர் உள்ளது. விமான நிலையமும் விமானப் படைத் தளமும் அமைந்த அவ்வூருக்குப் பிழைப்பை நாடி வந்த தமிழ்க் குடும்பங்களுள் நம்முடையதும் ஒன்று. வந்த புதிதில் நாம் கற்ற மராத்திச் சொற்கள் மிகச் சில. காய்கறி விலை கேட்கச் சில சொற்கள். ஆட்டோக்காரருக்கு வழி சொல்லச் சில சொற்கள். தெருவில் கையேந்துவோரிடம் சொல்ல 'புடே ஜா' என்னும் இரு சொற்கள். 'அப்பால் போ' என்பது அவற்றின் பொருள்.

ஒரு மழைக்கால இரவில், மளிகைக் கடை வாயிலில் முதியவர் ஒருவரும் அவர் மனைவியும் துணி மூட்டையோடு ஒதுங்கி நின்றனர். அவர் நம்மை நோக்கி ஓரடி எடுத்து வைத்ததுமே 'புடே ஜா' என்றுவிட்டோம். அவரோ காசு கேட்க வரவில்லை. "இரவு படுத்துக்கொள்ள எங்கேனும் இடம் உண்டா?" என்றே கேட்டார். ஏழாண்டுகளாக அவ்வூரில் வாழும் நமக்கு விடை தெரியவில்லை. இருபது ரூபாயை அவர் கையில் வைத்துவிட்டு விரைந்து வீடு சேர்ந்தோம். காசு கொடுத்தும் மனம் அமைதி பெறவில்லை.

கொடுத்தால் சோம்பலை வளர்க்கிறோமோ என்றும், கொடாவிடில் பசித்தவரைத் துரத்தினோமோ என்றும் நாம் ஐயுறுகிறோம். இவ்வையம் புதியதன்று. வள்ளுவர் 'இரவு' என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதற்கு அடுத்தே 'இரவச்சம்' என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். சட்டமும் இவ்வாறே இருவழிப்பட்டது. பழைய பம்பாய் மாநிலம் 1959இல் இயற்றிய சட்டம் இரப்பதைக் குற்றமாக்கியது. அது தில்லிக்கும் நீட்டிக்கப்பட்டிருந்தது. 2018இல் தில்லி உயர் நீதிமன்றம், இரத்தலைக் குற்றமாக்கும் பிரிவுகள் தில்லியில் செல்லா என்று தீர்ப்பளித்தது.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் வீடற்றோர் ஏறத்தாழ 17 லட்சத்து 70 ஆயிரம் பேர். அவர்கள் எல்லோரும் இரப்பவர் அல்லர். பகலெல்லாம் கூலி வேலை செய்து இரவில் சாலையோரம் உறங்குவோர் பலர். நகரங்களில் லட்சம் மக்களுக்கு ஓர் தங்குமிடமேனும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் பணித்தது. புனே மாநகராட்சியும் இரவுத் தங்குமிடங்கள் நடத்துகிறது. அவை எங்கே உள்ளன என்பதை நாம் விசாரித்ததே இல்லை.

லோஹேகாவ், துக்காராம் சுவாமிகளின் தாயார் பிறந்த ஊர் என்பர். 1630ஐ ஒட்டிய பெரும் பஞ்சத்தில் மனைவியை இழந்த அவர், பிறர் தமக்குத் தரவேண்டிய கடன்களின் பத்திரங்களில் தம் பங்கை இந்திராயணி ஆற்றில் எறிந்துவிட்டார் என்பது மரபு. பசியின் கொடுமையை அறிந்தவர், கடன்பட்டோரின் தகுதியை ஆராய்ந்து கொண்டிருக்கவில்லை.

நாம் துக்காராம் அல்லர். எல்லோருக்கும் கொடுக்க நம்மால் இயலாது. எவ்வளவு கொடுக்கலாம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டால் தெருவில் தடுமாற வேண்டுவதில்லை. ஆனால், கொடுத்தாலும் மறுத்தாலும், கேட்பவர் முகத்தைப் பார்த்து, அவர் சொல்வதை முழுதும் கேட்டு மறுமொழி சொல்ல நம்மால் இயலும். ஆதரவற்ற குழந்தையைக் கண்டால் 1098, முதியோருக்கு 14567, நோயுற்றுக் கிடப்போருக்கு 108 என்னும் தொலைபேசி எண்களை நினைவில் வைத்திருக்கவும் இயலும்.

நாமும் ஒருநாள் மூட்டை முடிச்சுகளோடு புனே ரயில் நிலையத்தில் இறங்கி, மொழி தெரியாமல் வழி கேட்டவர்களே. அன்று யாரும் நம்மிடம் 'புடே ஜா' என்று சொல்லவில்லை.

மறுநாள் தங்குமிடம் ஒன்றின் முகவரியை விசாரித்து எழுதிக்கொண்டு அக்கடை வாயிலுக்குச் சென்றோம். அவர்கள் அங்கே இல்லை. அந்தச் சீட்டு இன்றும் நம் பையில் இருக்கிறது. அடுத்துக் கேட்பவருக்காயினும் அது பயன்படட்டும்.